தட்டைக் கூரையும் பனிக்காலமும்

சிவமயம்

காரைக்குடி,
புரட்டாசி

அன்புள்ள சிரஞ்சீவி மகனுக்கு அப்பச்சி எழுதுவது. அநேக ஆசீர்வாதம். ஆத்தாவும் நானும் நலம்.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் நீ வாங்கியிருக்கும் நான்கு கடைக் கட்டடத்தின் படத்தைப் பார்த்த நாள் முதல் அதன் கூரை என் மனத்தைவிட்டு அகலவில்லை. நம் வளவு வீட்டில் பெய்யும் மழை நாட்டு ஓட்டின் சரிவில் இறங்கி, தூம்பு வழியே முற்றத்துக்கு வந்துவிடும். உன் கூரையோ தட்டையானது. விழுந்த பனி அங்கேயே நிற்கும், அதன்மேல் மழை பெய்தால் அந்த நீரையும் உறிஞ்சிக்கொண்டு கனக்கும். ஈரமான ஓரடிப் பனி, உலர்ந்த இரண்டடிப் பனியைவிடக் கனமாக இருக்கக்கூடும் என்பதால் உயரத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதே. கூரை எவ்வளவு சுமை தாங்கும் என்பதைப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்.

நான் அரிசிக் கிட்டங்கி வைத்திருந்தபோது, ஒரு வருடம் கொத்தனாரை அழைத்து ஓடு மாற்றினேனே தவிர, தூம்பின் வாயைப் பார்க்கவில்லை. ஐப்பசி அடைமழையில் வேப்பஞ்சருகு அடைத்து, ஒரே இரவில் தண்ணீர் உள்ளே இறங்கி, அடிவரிசை மூட்டைகள் அத்தனையும் வீணாயின. உன் ஊரில் அடைத்த நீர் உறைந்தும் போகும். ஆகையால் இலை உதிர்ந்து முடிந்ததும் கூரை வடிகால்களைத் திறந்து துப்புரவு செய்துவிடு. தாமதிக்காதே, உன் ஊரை ஒட்டிய ஈரி ஏரி உறையாதிருக்கும்போதுதான் அதன்மேல் வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிவந்து கரையில் பனியாகக் கொட்டுகிறது. 2022 நவம்பரிலேயே உன் ஊருக்குத் தெற்கே ஆர்ச்சர்டு பார்க்கில் ஆறடிக்கு மேல் விழுந்ததே.

பனி அள்ளும் ஒப்பந்தக்காரரிடம் எத்தனை அங்குலம் விழுந்ததும் வண்டி வரவேண்டும், அள்ளியதை எங்கே குவிக்கவேண்டும் என்பதை இப்போதே எழுதி வாங்கு. அவசர வழியையும் தீயணைப்புக் குழாயையும் மறைத்துக் குவிக்கக் கூடாது. பனி உருகத் தூவும் சாதாரண உப்பு சுமார் மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. கால்சியம் குளோரைடும் கொஞ்சம் வாங்கி வை. காலியாக இருக்கும் கடையிலும் வெப்பத்தை 13 டிகிரி செல்சியஸுக்குக் குறைய விடாதே, தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடும். ஹீட்டரின் புகைக்குழாயைப் பனி மூடினால் நச்சுவாயு உள்ளே தங்கும். இதை மட்டும் வாடகைக்காரர் ஒவ்வொருவருக்கும் நீயே நேரில் சொல்.

2022 டிசம்பர் புயலில் அந்த வட்டாரத்தில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். உதவிக்குப் போன வண்டிகளே பனியில் சிக்கின. புயல் எச்சரிக்கை வந்ததும் கடைகளை மூடச் சொல். அன்றைய வாடகையைக் கழித்துக்கொடுத்தாலும் பரவாயில்லை. நீயும் கட்டடத்தைப் பார்க்கவென்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பாதே, அப்பா.

வடிகாலைத் திறந்ததும் படம் எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பச்சி