அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் முடிந்தன. விடைத்தாள்கள் ஜனவரி முதல் வாரத்தில் பிள்ளைகள் கைக்கு வரும். அறிவியல் கண்காட்சி, வட்டார விளையாட்டுப் போட்டிகள், இலக்கிய மன்ற விழா எல்லாமே நன்றாக நடந்தன. பங்கேற்றவர்களுக்கும் பயிற்சி தந்த ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள்.

மாலையில் பிள்ளைகளை அழைத்துப்போகும் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காத்திருக்கும் பெற்றோரில் சிலர் இருசக்கர வண்டிக் கொட்டகைக்குள் நின்று புகைக்கிறார்கள். அந்தக் கொட்டகைக்குக் கூரையும் மூன்று பக்கம் சுவரும் உண்டு. புகை சட்டென்று வெளியேறாது. எல்.கே.ஜி. வரிசை அதை ஒட்டித்தான் நிற்கிறது. தாத்தா பாட்டிகள் உட்காரும் சிமென்ட் பெஞ்சும் அங்கேதான். அவர்களில் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தவர் விடும் புகை நுரையீரலுக்குத்தான் கெடுதல் என்று பலரும் நினைக்கிறோம். இதயத்தை அது இன்னும் விரைவாகத் தொடுகிறது. புகைக்காத, நலமாக உள்ள ஒருவர் அரை மணி நேரம் அந்தப் புகையில் இருந்தாலே இரத்தக் குழாய்களின் உட்சுவர் சரியாக இயங்குவதில்லை. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன. ஏற்கெனவே அடைப்புள்ள குழாயில் மாரடைப்பு வர ஒரு சிறு உறைகட்டி போதும். வீட்டிலோ வேலையிடத்திலோ தொடர்ந்து இப்படிப் புகை படுபவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு 25 முதல் 30 சதவீதம் கூடுகிறது.

புகையை நிறுத்தினால் பலனும் சீக்கிரமே தெரிகிறது. ஸ்காட்லாந்து 2006 மார்ச்சில் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்தது. ஒன்பது மருத்துவமனைகளில் தடைக்கு முன்பும் பின்பும் பத்து மாதங்களைக் கணக்கிட்டார்கள்: தீவிர இதயப் பாதிப்போடு சேர்ந்தவர்கள் 3,235 பேரிலிருந்து 2,684 ஆனார்கள். அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு புகைக்காதவர்கள்! இங்கிலாந்தில் 2007 தடைக்குப் பின் மாரடைப்புச் சேர்க்கைகள் 2.4 சதவீதம்தான் குறைந்தன. அதுவே ஓராண்டில் ஏறத்தாழ 1,200 மாரடைப்புச் சேர்க்கைகள்.

நம் நாட்டில் 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி பள்ளி வளாகத்தில் புகைப்பது குற்றம். அபராதம் 200 ரூபாய் வரை. புகார் வந்தும் பொறுப்பாளர் வாளாவிருந்தால், எத்தனை பேர் மீறினார்களோ அத்தனை அபராதமும் அவர்மேல் விழும். ஆகவே விடுமுறை முடிந்ததும் வாயிலிலும் கொட்டகையிலும் 60க்கு 30 செ.மீ. அறிவிப்புப் பலகைகள் இருக்கும். அதன்பிறகு வளாகத்துக்குள் யார் புகைத்தாலும் நடவடிக்கை உண்டு, விதிவிலக்கு கிடையாது. எடுத்துச் சொல்லும் காவலாளியை மரியாதைக் குறைவாகப் பேசுவதையும் பொறுத்துக்கொள்ள மாட்டோம்.

கேட்டுக்கு வெளியே தெருவுக்கு இந்த விதி நேரடியாகப் பொருந்தாது. அங்கே எங்களால் கேட்டுக்கொள்ளத்தான் முடியும்: பிள்ளைகள் வரும் வழியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். காருக்குள் வேண்டவே வேண்டாம். கண்ணாடியை இறக்கினாலும் பின் இருக்கையில் புகை தங்கும்.

விடுவது எளிதல்ல என்பது எங்களுக்கும் தெரியும். 1800 112 356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும். விட்ட ஓராண்டிலேயே, புகையால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது.

சொல்லாமலே தள்ளிப்போய் நிற்கும் பெற்றோருக்கும், தினமும் நேரத்துக்கு வந்து பிள்ளைகளை அழைத்துச் செல்லும் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்