செயலாளரின் ஆண்டறிக்கை, 2024: மூடிய பெட்டிகளும் பொது அலமாரியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நம் மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில், போ பாசேன், காத்ர் போர்ன் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் என் வணக்கம். மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கதைமாந்தராகத் தமிழில் பேசிக் கதையாட்டம் ஆடும் நம் மன்றத்தின் ஓராண்டு நடவடிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஆண்டின் தொடக்கம் நமக்கு நல்லபடியாக அமையவில்லை. ஜனவரி 15ஆம் தேதி பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் நகரில் வெள்ளம் புகுந்தது. அங்கே வசிக்கும் நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் வைத்திருந்த மன்றத்தின் இரண்டு பெட்டிகளும் சேற்று நீரில் ஊறிவிட்டன. 25ஆம் தேதி தைப்பூசக் காவடி. அதற்கு முந்தைய நோன்பு நாள்களில் கோவில் மண்டபத்தின் பின்னறையை விளையாட்டுக்குக் கேட்பதில்லை என்பது நாம் தொடக்கம் முதல் காத்துவரும் வழக்கம். ஆகவே முதல் கூட்டம் பிப்ரவரியில்தான் நடந்தது. அதுவும் ஆட்டமாக இல்லாமல், வாளித் தண்ணீரும் சோப்பும் பழைய பல் தூரிகைகளும் வைத்துக்கொண்டு, ஆட்டத்தில் மேசைமேல் வைக்கும் சிறு உருவங்களான மினியேச்சர்களைக் கழுவும் வேலையாகவே கழிந்தது. தொழிற்சாலையிலேயே வண்ணம் பூசி வந்த பிளாஸ்டிக் உருவங்களில் ஒன்றுகூட வீணாகவில்லை; அட்டையில் அச்சிட்ட வரைபடங்களும் விவரச் சீட்டுகளும் மட்டும் போய்விட்டன. வளைந்த வாளையும் ஈட்டியையும் வெந்நீரில் சிறிது நேரம் முக்கி, விரலால் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் பிடித்தால் அவை அந்த நிலையிலேயே இறுகிவிடும் என்பதைச் சிறுவர்கள் அன்று தம் கையால் செய்து கற்றுக்கொண்டார்கள்.

இந்த அறிக்கையில் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது மூடிய பெட்டிகளைப் பற்றி நாம் எடுத்த முடிவை. உள்ளே எந்த உருவங்கள் இருக்கின்றன என்பது வெளியே தெரியாதபடி, பல வகைகளைக் கலந்து அடைத்து விற்கும் பெட்டிகளைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம். இந்த முறை எங்கிருந்து வந்தது என்று புதிய பெற்றோர்கள் கேட்டதால், ஏப்ரல் மாதக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் அதன் வரலாற்றை விளக்கினார். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாட்டம் வெளிவந்த காலத்தில் உருவங்கள் பெரும்பாலும் உலோகத்தில் வார்க்கப்பட்டவை. வாங்கியவர்தான் வண்ணம் பூச வேண்டும். மலிவு விலைக் கடையில் கிடைத்த, ஹாங்காங்கில் செய்த பிளாஸ்டிக் விலங்குப் பொம்மைகளைக் கைகாக்ஸ் மேசையில் வைத்து ஆடியதிலிருந்துதான், இரும்பைத் துருவாக்கித் தின்னும் விலங்கும் ஆந்தைக்கரடியும் ஆட்டத்துக்குள் வந்தன என்று அந்த மூத்த உறுப்பினர் சொன்னபோது பிள்ளைகள் மிகவும் மகிழ்ந்தார்கள். 1993இல் மேஜிக் சீட்டாட்டம் பரப்பிய மூடிய கட்டு விற்பனை முறையை, 2000இல் விஸ்கிட்ஸ் நிறுவனம் மேஜ் நைட் ஆட்டத்தின் மூலம் வண்ணம் பூசிய உருவங்களுக்குக் கொண்டுவந்தது. 2003இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், 80 உருவங்கள் கொண்ட ஹார்பிஞ்சர் தொகுதியை, பெட்டிக்கு 8 உருவங்களாக வெளியிட்டது. 2014இல் தொடங்கிய ஐகான்ஸ் ஆஃப் தி ரெல்ம்ஸ் வரிசையில் நாம் வாங்கியவை பெட்டிக்கு 4 உருவங்கள் கொண்டவை. சாதாரணமானவை அடிக்கடி வரும், அரியவை எப்போதாவதுதான் வரும் என்ற அடிப்படை மட்டும் எல்லாத் தொகுதிகளிலும் ஒன்றே.

இப்போது என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. புத்தாண்டுக்குப் பெரியவர்கள் கொடுத்த பணத்தைச் சேர்த்து வைத்து, ஒரு சிவப்பு டிராகனுக்காக ஆறு பெட்டிகள் வாங்கினான். டிராகன் வரவில்லை, ஒரே நகரக் காவலர் மூன்று முறை வந்தார். மெட்ரோவில் வீடு திரும்பும்வரை அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவனைக் கடைக்கு அழைத்துச் சென்றவன் நான். நான்கு பெட்டிகளோடு அவன் பணம் தீர்ந்தபோது, இன்னும் இரண்டு பெட்டிகள் வாங்கினால் கிடைத்துவிடும் என்று சொல்லிப் பணம் கொடுத்தவனும் நான். இன்னும் ஒன்று வாங்கினால் வந்துவிடும் என்ற எண்ணம் பெரியவர்களையே பிடித்துக்கொள்ளும்போது, பிள்ளைகளை அதன் முன் தனியாக நிறுத்துவது சரியன்று என்பது எனக்கு அன்று புரிந்தது.

நம் உறுப்பினரான கணித ஆசிரியர் அடுத்த கூட்டத்தில் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு தொகுதியில் 12 அரிய உருவங்கள் இருக்கின்றன, ஒவ்வொரு பெட்டியிலும் அவற்றுள் ஒன்று சம வாய்ப்போடு வருகிறது என்று வைத்துக்கொண்டால், நாம் விரும்பும் ஒன்று 8 பெட்டிகளில் வருவதும் வராமல் போவதும் ஏறக்குறைய சரிபாதி. 16 பெட்டிகள் வாங்கினாலும் நால்வரில் ஒருவருக்கு அது கிடைக்காது; 32 பெட்டிகள் வாங்கினாலும் நூறு பேரில் ஆறு பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். பன்னிரண்டையும் சேர்க்க நினைப்பவர் சராசரியாக 37 பெட்டிகளைத் திறக்க வேண்டியிருக்கும். இதே கணக்கை ஒருவருக்காகப் பார்க்காமல் ஒரு மன்றத்துக்காகப் பார்த்தால், ஒருவருக்கு வேண்டாதது மற்றவருக்கு வேண்டியதாக இருப்பதால், திறக்கும் பெட்டிகளில் வீணாவது மிகக் குறைவு என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

மூடிய பெட்டிகளை அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். அதற்கு மறுப்பாகக் கதை நடத்துபவர்கள் சொன்ன காரணமும் மிக நியாயமானது. சேகரிப்பவர் ஒதுக்கித் தள்ளும் சாதாரண உருவங்கள்தான் ஆட்டத்தில் அதிகம் தேவைப்படுபவை; ஒரு குகைக் காட்சிக்கு எட்டு எலும்புக்கூடுகள் வேண்டும், ஆனால் டிராகன் ஒன்று போதும். வெளிநாட்டிலிருந்து ஒற்றை உருவமாக வரவழைத்தால் நம் தீவுக்குத் தபால் செலவே உருவத்தின் விலையை மிஞ்சிவிடுகிறது. பெட்டியைத் திறக்கும் நேரத்து மகிழ்ச்சியையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த மகிழ்ச்சி ஒருவருடைய பணப்பையைப் பொறுத்ததாக இல்லாமல் அனைவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இவற்றின் அடிப்படையில் மே மாதம் நிறைவேறிய தீர்மானத்தின்படி, மூடிய பெட்டிகளை மன்றம் மட்டுமே, பொதுப் பணத்தில், ஆண்டுக்கு 16 என்ற அளவுக்குள் வாங்கும். பதினெட்டு வயது நிறையாதவர்கள் மன்றக் கூட்டங்களில் தம் பணத்தில் அவற்றை வாங்குவதோ பெரியவர்களோடு பண்டமாற்றுச் செய்வதோ கூடாது. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, வனிலாத் தேநீருக்குப் பிறகு, பதினாறு பெட்டிகளையும் ஒரே மேசையில் வைத்துத் திறந்தோம். வந்த 64 உருவங்களையும் இருவர் பதிவேட்டில் எழுதினார்கள். விலங்குகளும் பேய்களும் பகைவர்களும் பொது அலமாரிக்குச் சென்றன. வீரர்களின் உருவங்களை மட்டும் உறுப்பினர்கள் சீட்டுக் குலுக்கி, வரிசைப்படி எடுத்துக்கொண்டார்கள். முதல் சுற்றில் முதலில் எடுத்தவர் இரண்டாம் சுற்றில் கடைசியாக எடுத்தார். எந்தக் குறையும் எழவில்லை. சிவப்பு டிராகன் அன்றும் வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். என் அக்கா மகன் தன்னிடமிருந்த மூன்று காவலர்களையும் கொண்டுவந்து தானாகவே அலமாரியில் சேர்த்தான். பதிவேட்டில் அவை 65, 66, 67 என்ற எண்களில் உள்ளன. செப்டம்பரில் தொடங்கிய கதையில் கோட்டை வாயிலைக் காப்பவர்கள் அவர்களே.

அலமாரியில் உள்ள ஒவ்வோர் உருவத்தின் அடித்தட்டிலும் எண்ணோடு தமிழ்ப் பெயரும் ஒட்டப்பட்டிருக்கிறது. இது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்த வேலை. கோப்ளினுக்குக் குறளி என்ற பழைய சொல் அப்படியே பொருந்தியது. மனித முகமும் சிங்க உடலும் கொண்ட உருவத்துக்கு, தமிழ்நாட்டுக் கோவில் தூண்களில் உள்ள புருஷாமிருகத்தின் பெயரை ஓர் அம்மா நினைவூட்டினார். இரும்பு தின்னும் விலங்குக்குத் துருத்தின்னி என்று முதலில் எழுதி, அது கொல்லன் உலைத் துருத்தியோடு குழம்புகிறது என்பதால் இரும்புதின்னி என்று மாற்றினோம். புலித் தலையும் பின்புறம் திரும்பிய கைகளும் கொண்ட உருவத்தை ஆட்டத்தின் நூல்கள் ராட்சசன் என்கின்றன. நம் புராணங்களில் வருபவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர் என்று பெரியவர்கள் சுட்டிக்காட்டியதை ஏற்று, புலிமுக அரக்கன் என்று எழுதியிருக்கிறோம்.

வண்ணம் பூசாமல், உள்ளிருப்பது வெளியே தெரியும்படி விற்கப்படும் நோல்சர்ஸ் வரிசை உருவங்களை 2025இல் சிறிய அளவில் வாங்கிச் சிறுவர்களுக்கு வண்ணப் பயிற்சி நடத்தவும் செயற்குழு பரிந்துரைத்திருக்கிறது. தனக்கு வேண்டிய வீரரைத் தேர்ந்தெடுத்துத் தானே வண்ணம் தீட்டும் பிள்ளைக்கு மூடிய பெட்டியின் மீதான ஏக்கம் குறையும் என்று நான் நம்புகிறேன். மழைக்கால ஈரத்தில் வண்ணம் உலர நேரமாகும் என்பதால், பயிற்சியை ஜூலைக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சங்கப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய படிவங்கள் தயாராக உள்ளன. அலமாரியில் இரண்டு தட்டுகளும் நிறைந்துவிட்டன. மூன்றாவது தட்டு அமைக்கவும், புயல் காலத்தில் உருவங்களையும் வரைபடங்களையும் மாடியில் வைக்கத்தக்க மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் நான்கு வாங்கவும் இப்பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்