செயலாளரின் ஆண்டறிக்கை: கட்டை நிறைந்த ஏரிக்கு ஏற்ற ரீல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், செயற்குழுவினருக்கும், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, வாணியம்பாடி பக்கங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

1989-இல் வடாற்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூர் மூன்று மாவட்டங்களானது. நம் தூண்டில்காரர்கள் மட்டும் இன்னும் ஒரே சங்கமாக இருக்கிறோம். செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது அறுந்த தூண்டில் நரம்பைப் பற்றித்தான். கோடையில் தண்ணீர் வற்றியதும் ஏரிக்குள் இறங்கிச் சுத்தம் செய்தபோது, கட்டைக்குக் கட்டை தங்கூஸும் (நைலான் நரம்பு) பிரெய்டும் (பின்னல் நரம்பு) சுற்றிக் கிடந்தன. ஒரு கட்டையில் நீர்க்காகம் ஒன்று கால் சிக்கி, காய்ந்துபோய்த் தொங்கியது. அதைப் பார்த்தவர்கள் அன்று முழுக்கச் சரியாகப் பேசவில்லை. வீசும்போது மாட்டி அறுந்த நரம்பும் அதில் உண்டு. ஆனால் மீன் இழுத்துக்கொண்டு போய்க் கட்டையில் உரசி அறுத்ததும் நிறைய. அப்படிப் போன மீன் வாயில் தூண்டில் முள்ளோடும் பின்னால் நரம்போடும் திரியும். நரம்பு எங்கேயாவது சிக்கினால் அங்கேயே சாகும்.

நம் ஏரிகளில் இவ்வளவு கட்டை இருப்பதற்குக் காரணம் உண்டு. 1980-களில் சமூகக் காடுகள் திட்டத்தில் தமிழ்நாட்டு ஏரிகளின் உட்பகுதிகளில் கருவேல மரங்களை நட்டார்கள். மரத்தை வெட்டிய பிறகும் அடிக்கட்டையும் வேரும் மண்ணில் இருக்கின்றன. மிச்ச இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் அத்தனையும் தண்ணீருக்கடியில் போய்விடும். மதகுச் சுவரும், கரையின் உட்பக்கக் கல்பரப்பும், பழைய கிணற்று மேடுகளும் சேர்ந்துகொள்ளும். நிழல், பாசி, சின்ன மீன் எல்லாம் அங்கேதான். அதனால் விராலும் ஜிலேபியும் கெளுத்தியும் அங்கேதான். அவற்றைத் தேடி நாமும் அங்கேதான் வீசுகிறோம்.

ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது பிரீம் மீனைப் பற்றிப் பேசினார். அந்நாட்டின் கிழக்குக் கரைக் கழிமுகங்களில் சிப்பி வளர்க்க மரச்சட்டங்கள் அடித்திருப்பார்கள். மஞ்சள் துடுப்பு பிரீம் அதற்குள்தான் ஒதுங்கும். கத்தி போன்ற சிப்பி ஓட்டில் நரம்பு ஒரு தடவை பட்டால் போதும். பிரீம் பெரிய மீன் இல்லை. நியூ சவுத் வேல்ஸில் 25 செ.மீ. இருந்தால் வைத்துக்கொள்ளலாம். அந்த அளவு மீனுக்கே டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்கை) நன்றாக இறுக்கிவைத்து, கடித்த நொடியில் வெளியே இழுத்துவிடுகிறார்களாம். மீன் எத்தனை கிலோ என்பதைவிட அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் ரீல் வாங்குகிறார்கள். இதை நாம் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும்.

அவர் பேச்சுக்குப் பிறகுதான் ரீல் சோதனை நாள் நடந்தது. நம் சங்கம் செய்தவற்றில் இதை மிகப் பயனுள்ளதாக நான் கருதுகிறேன். புளியமரத்தில் கொக்கித் தராசைக் கட்டி, நரம்பை ராடின் (தூண்டில் கோலின்) வளையங்கள் வழியாகக் கோத்து, தராசில் மாட்டி, ராடை வளைத்து இழுத்தோம். மூன்றைக் கவனித்தோம்: எத்தனை கிலோவில் டிராக் நழுவ ஆரம்பிக்கிறது, ஆரம்பிக்கும்போது வெட்டி வெட்டிப் போகிறதா சீராகப் போகிறதா, ரீலின் உடல் முறுக்கிக்கொள்கிறதா.

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் பேரிங் எண்ணிக்கைக்கும் இந்த மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை. கைப்பிடி இலகுவாகச் சுற்றப் பேரிங் உதவும். பாரத்தைத் தாங்குவது உடலும் பல்சக்கரமும் டிராக் வாஷரும்தான். உடல் முறுக்கிக்கொண்டால் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் தேயும். கைப்பிடி கரகரவென்று சுற்றும். ரீலை ராடில் மாட்டி, ரோட்டரைக் (சுழன்று நரம்பைச் சுற்றும் பகுதியை) கையால் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பார்த்தால் கடையிலேயே இது ஓரளவு தெரியும். கைப்பிடி பின்னால் ஆடுகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். முள்ளை இறுக்கும் நொடியில் அந்த ஆட்டம் நமக்குச் சேதம்.

அளவைப் பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். 1000, 2500 என்பவை ரீலின் அளவு எண்கள்; எண் கூடினால் ரீல் பெரிது. 1000 அளவு ரீல்களில் பலவற்றின் உச்ச டிராக் 3 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். தக்கை போட்டுக் கெண்டை பிடிக்க அது போதும். கட்டைப் பக்கம் போதாது. 2500, 3000 அளவுகளில் நல்ல ரீல் 9 கிலோ வரை தரும். அதற்காக 9 கிலோவுக்கும் முறுக்கிவைக்க வேண்டாம். நரம்பின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. 20 பவுண்டு பிரெய்ட் ஏறத்தாழ 9 கிலோ தாங்கும் என்றால் 3 கிலோ. கட்டைக்கு ஒட்டி வீசும்போது கொஞ்சம் கூட்டலாம். ஆனால் முடிச்சையும் முள்ளின் கம்பியையும் பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

சோதனையில் சில ரீல்களில் டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் நரம்பு போய்க்கொண்டே இருந்தது. ரீல் கெட்டுப்போயிற்று என்று உரியவர்கள் வருத்தப்பட்டார்கள். ரீலில் ஒன்றுமில்லை. பிரெய்டை நேராக வழுவழு ஸ்பூலில் (நரம்பு சுற்றும் உருளையில்) சுற்றியிருந்தார்கள். மொத்த நரம்பும் ஸ்பூல் மேல் வழுக்கிச் சுற்றியது. அடியில் நாலைந்து சுற்று தங்கூஸ் போட்டு, அதன்மேல் பிரெய்டைச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும். நுனியில் உரசலைத் தாங்கும் தடித்த ஃப்ளூரோகார்பன் நரம்பு ஒரு முழமாவது கட்டுங்கள். பிரெய்டுக்கு இழுவிசை உண்டு, உரசலைத் தாங்காது.

அப்புறம் கியர் விகிதம், அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ரோட்டர் எத்தனை சுற்று என்பது. 2500 அளவில் 5:1 என்றால் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு முக்கால் மீட்டர் வரும். 6:1 என்றால் 90 செ.மீ.யை நெருங்கும். வேகம் நல்லதுதான், ஆனால் பாரத்தோடு சுற்றும்போது கை கடுக்கும். என் கருத்து: ஸ்பின்னிங் ரீலில் (ஸ்பூல் சுழலாமல் ரோட்டர் சுற்றி நரம்பைச் சேர்க்கும் ரீலில்) 5:1-ஐ ஒட்டியே வாங்குங்கள். முதல் ஒரு மீட்டரை ராடால் தூக்கி எடுங்கள். ரீல் அதைத் தக்கவைத்தால் போதும். ஆகாயத்தாமரைக்குள் ரப்பர் தவளை போட்டு விரால் பிடிப்பவர்களுக்கு பெய்ட்காஸ்டர் (உருளையே சுழன்று நரம்பைச் சேர்க்கும் ரீல்) பொருத்தம். நரம்பு வளையாமல் நேராக உருளையில் ஏறுவதால் பலம் வீணாகாது. இலேசான லூரை (செயற்கை இரையை) அதில் வீசினால் நரம்பு குருவிக்கூடாகிவிடும். புதியவர்கள் ஸ்பின்னிங்கிலேயே தொடங்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கைத் தளர்த்திவிடுங்கள்; வாஷர் நசுங்காமல் இருக்கும். நம் ஊர் மே மாத வெயிலில் ரீலை வண்டிப் பெட்டிக்குள் போட்டுவைக்காதீர்கள். கிரீஸ் இளகி வெளியே வந்துவிடும்.

மற்ற செய்திகள் சுருக்கமாக. குத்தகைதாரரின் அனுமதி இல்லாமல் எந்த ஏரியிலும் யாரும் தூண்டில் போடக்கூடாது என்ற நம் விதி அப்படியே தொடர்கிறது. செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்குக் காவலாக நிற்கும் விராலைப் பிடிக்கக்கூடாது என்பதும் அப்படியே. அதைப் பிடித்தால் குஞ்சுகள் ஒரே நாளில் மற்ற மீனுக்கு இரையாகும். புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு முடிச்சுப் பயிற்சி கொடுத்த மூத்த உறுப்பினர்களுக்கு நன்றி.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறது. ஒன்று, உறுப்பினர்கள் கடன் வாங்கிப் பயன்படுத்த 3000 அளவில் உறுதியான உடல் கொண்ட ரீல்கள் சிலவற்றைச் சங்கச் செலவில் வாங்குவது. மற்றொன்று, ரீல் சோதனை நாளை ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள், நடத்துவது. கொக்கித் தராசு என்னிடம் இருக்கிறது. இடையில் யாருக்குத் தேவைப்பட்டாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்