டிராயிங் முடிவதற்கு முன்னால் எங்களைக் கூப்பிடுங்கள்

புதுப் பொருள்களை உருவாக்கும் நிறுவனங்களின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

பிளாஸ்டிக் பாகங்களுக்கு மோல்டு, அதாவது எஃகு அச்சு, செய்யும் பட்டறை (டூல் ரூம்) எங்களுடையது. உங்களிடமிருந்து டிராயிங் வரும்போது அதில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடித்திருப்பார்கள். எங்களிடம் கேட்பது இரண்டுதான்: என்ன விலை, எந்தத் தேதி. அதற்கு முன்னால் எங்களைக் கூப்பிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஒரு மூடியின் பக்கச் சுவரை நேர்க்குத்தாக வரைந்துவிட்டார்கள் என்று வையுங்கள். கொஞ்சமாவது சாய்வு இல்லாவிட்டால் பாகம் மோல்டிலிருந்து உரசிக்கொண்டுதான் வெளியே வரும். உள்ளே வலுவுக்காக வைக்கும் ரிப் (விலா போன்ற பட்டை) தடிமனாக இருந்தால் அந்த இடம் மெதுவாக ஆறிச் சுருங்கி, வெளிப்பக்கத்தில் குழி விழும். திரையில் இருக்கும்போது இதைத் திருத்த அரை மணி நேரம் போதும். எஃகை வெட்டிய பிறகு என்றால் வெல்டு வைத்து, மறுபடி கடைந்து, பாலிஷ் போட்டு, திரும்ப ட்ரயல் எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் போய்விடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் வேலையில் இதேதான் நடந்தது. ரிப் தடிமன் பற்றி அவர்களுடைய கொள்முதல் பிரிவுக்கு இரண்டு முறை எழுதினோம். 'டிராயிங்படி செய்யுங்கள்' என்றே பதில் வந்தது. ட்ரயலில் முகப்பு முழுக்கக் குழி. நேரில் வந்த டிசைனர் பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்றார். நாங்கள் எழுதியது அவரிடம் போகவே இல்லை. அவருக்கும் கொள்முதல் பிரிவுக்கும் நடுவில் இருந்தது ஒரு மாடிப்படிதான்.

பெரிய இடங்களுக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும் பிரான்ஸின் துலூஸிலும் ஒரே வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தினார்கள். ஹாம்பர்க்கிலிருந்து போன வயர் கட்டுகள் துலூஸில் பொருந்தவில்லை. விமானம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தாமதமானது.

சப்ளையர்கள் ஏன் முதலிலேயே வாய் திறப்பதில்லை என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். நாங்கள் உட்கார்ந்து யோசித்து, இந்த இரண்டு பாகத்தை ஒன்றாக்கலாம், இந்த ஸ்க்ரூவுக்குப் பதில் ஒரு கொக்கி வைக்கலாம் என்று சொல்வோம். அடுத்த மாதம் அதே யோசனை டிராயிங்கில் ஏறி, குறைந்த விலை யார் தருவார் என்று ஊரெல்லாம் சுற்றும். யோசித்தவனுக்கு ஆர்டரும் இல்லை, கூலியும் இல்லை. ஒரு முறை இப்படி நடந்தால் போதும், அப்புறம் அந்தப் பட்டறை உங்களிடம் விலை, தேதி தவிர வேறு எதையும் பேசாது. எனவே ஆரம்ப யோசனைக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். அல்லது வேலை யாருக்கு என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, இலக்கு விலையைச் சேர்ந்து பேசுவோம். உங்கள் ரகசியம் வெளியே போகும் என்ற பயம் நியாயமானது. அதற்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம், நாங்கள் தயார்.

வாடிக்கையாளர் விஷயத்திலும் பொருளை வாங்குபவரோடு நிறுத்திவிடாதீர்கள். அதைக் கழற்றித் துடைப்பவரையும் பழுதுபார்ப்பவரையும் பாருங்கள். போயிங் 777 விமானத்தை 1990-களின் தொடக்கத்தில் வடிவமைத்தபோது எட்டு விமான நிறுவனங்களை முன்கூட்டியே அழைத்துப் பேசினார்கள். வடிவமைப்பு, உற்பத்தி ஆட்களோடு சப்ளையர்களும் வாடிக்கையாளர்களும் சேர்ந்த 200-க்கும் மேற்பட்ட குழுக்கள் வேலை செய்தன. 1994-இல் முதல் முறை பறந்த அந்த விமானம், அடுத்த ஆண்டே பயணிகள் சேவைக்கு வந்தது.

அவ்வளவு பெரிய ஏற்பாடு எங்களுக்குத் தேவையில்லை. அடுத்த பொருளின் டிராயிங்கை முடிவு செய்வதற்கு முன் அரை நாள் ஒதுக்குங்கள். டிசைனர், கொள்முதல் ஆள், புகார் அழைப்புகளைக் கேட்கும் சர்வீஸ் ஆள் மூவரும் ஒரே மேசையில் இருக்கட்டும். பழைய மாடலில் உடைந்து திரும்பி வந்த பாகங்களையும் கொண்டுவாருங்கள். எங்கள் பக்கத்திலிருந்து மெஷின் ஓட்டும் ஆபரேட்டரை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஒரு மோல்டு பட்டறைக்காரன்