ரணிலுக்கு வாதாட ஒரு மண்டபத்துக்காரன்

மண்டபம்,
செப்டம்பர் 2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை இரண்டு வரியில் முடித்துவிட்டு, இலங்கையின் முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கைதானதைக் கொண்டாடி, இப்போதைய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வந்துதான் உங்கள் சுமை குறைந்தது என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். பேத்திக்கு என் ஆசிகள். மற்றதற்குத்தான் இந்தப் பதில்.

'ஓட்டில்லாதவனுக்கு எங்கள் அரசியலில் என்ன வேலை' என்று கேட்பாய். 2022 மார்ச்சில் இலங்கையிலிருந்து தப்பி வந்து தனுஷ்கோடிக்கு அப்பால் ஒரு மணல்திட்டில் கைக்குழந்தையோடு தவித்தவர்களைக் கடலோரக் காவல்படை மீட்டு வந்தது. கடைசியில் நீ வளர்ந்த அதே மண்டபம் அகதி முகாமில்தான் அவர்களைத் தங்கவைத்தார்கள். உன் காலத்தில் வந்தவர்கள் குண்டுக்குப் பயந்து வந்தார்கள். இவர்களோ அரிசி விலைக்கும் பால்மா விலைக்கும் பயந்து வந்தவர்கள். கொழும்பில் ஒருவர் கணக்கைத் தப்பாகப் போட்டால் அது எங்கள் கரை வரை வருகிறது. ஆகவே நானும் பேசுவேன்.

ரணிலுக்கு முன் ஜனாதிபதியாக இருந்த கோத்தபாய ராஜபக்சவைப் பற்றி நமக்குள் சண்டை இல்லை. 2019 கடைசியில் வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்துக் கஜானாவைக் காலி செய்தார். 2021இல் ரசாயன உரத்தை ஒரே உத்தரவில் நிறுத்தி வயலையும் காயப்போட்டார். மறு வருடம் ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. ஜூலையில் அவர் மாலைதீவுக்கு ஓடினார்.

நம் வழக்கு அதற்குப் பின்னால் வந்தவரைப் பற்றியது. கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் இடம் வைத்துக்கொண்டு 134 எம்.பி.க்களின் வாக்கில் ஜனாதிபதியானவர், பின்வாசல் வழியாக வந்தவர் என்கிறாய். சரிதான். பணமில்லை என்று உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போட்டார். அது அடிப்படை உரிமை மீறல் என்று உங்கள் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 2022 செப்டம்பரில் 70 சதவீதத்தைத் தொட்ட விலைவாசி உயர்வு, இரண்டே வருடத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது யார் காலத்தில்? மின் கட்டணத்தை ஒரு தடவை 75 சதவீதம், அடுத்த தடவை 66 சதவீதம் ஏற்றினார். வாட் வரியை 18 ஆக்கினார், அதுவும் தேர்தல் நடக்கவிருந்த 2024ஆம் வருடத்தின் முதல் நாளில்! ஓட்டை மட்டும் நினைக்கிற ஆள் இதைச் செய்வாரா? ஜனங்கள் 17 சதவீத ஓட்டோடு மூன்றாம் இடத்தில் உட்கார வைத்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கோபத்தைப் பொருளாதார விளக்கமாக நீ எழுதுவதுதான் புரியவில்லை.

உன் அநுர என்ன செய்தார்? ரணில் 2023 மார்ச்சில் வாங்கிய சர்வதேச நாணய நிதியத்தின் 300 கோடி டாலர் கடன் ஒப்பந்தத்தைத் திருத்தப்போவதாக மேடையில் சொன்னார். வந்தபின் அதே பாதையில்தான் நடக்கிறார். வாட் இன்றும் 18தான். சம்பளக்காரர்களின் வருமான வரி வரம்பை மாதம் ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சமாக உயர்த்தினார், வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார், நல்லது. ஆனால் ஜனவரியில் மின் கட்டணம் 20 சதவீதம் குறைந்தபோது கொண்டாடிக் கடிதம் போட்டவன், ஜூனில் 15 சதவீதம் ஏறியபோது ஏன் மௌனமாகிவிட்டாய்?

அவரிடம் ரணிலுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். 2019 ஜனாதிபதித் தேர்தலில் 3 சதவீத ஓட்டு வாங்கிய மனிதரின் கட்சி இன்று நாடாளுமன்றத்தில் 225இல் 159 இடங்களை வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும்கூட முதலிடம். தாங்களே தேர்ந்தெடுத்தவர் சுமத்தினால் அதே சுமையை மக்கள் முணுமுணுக்காமல் தூக்குவார்கள். அதற்காகச் சுமையே குறைந்துவிட்டது என்று எழுதாதே.

இனி அந்தக் கைது. 2023இல் சொந்த வேலையாக லண்டன் போய் அரசுப் பணத்தைச் செலவழித்தார் என்பது வழக்கு. நடக்கட்டும், முன்னாள் ஜனாதிபதியும் சட்டத்துக்குள்தான். நாலு நாளில் ஜாமீனும் கிடைத்துவிட்டது. எனக்கு உறுத்துவது வேறு. அதே 2023 நவம்பரில், பொருளாதாரம் விழுந்ததற்குக் கோத்தபாய, அவர் அண்ணன் மகிந்த, தம்பி பசில் ஆகியோரும் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் பெயர் சொல்லித் தீர்ப்பளித்ததே? அந்தத் தீர்ப்பால் யாரும் ஒரு நாள்கூடச் சிறையில் இருக்கவில்லை. உடைத்தவர்கள் வீட்டில் இருக்க, ஒட்டவைத்தவர் உள்ளே போனதற்கு நீ வெடி வெடித்திருக்கிறாய்.

கச்சத்தீவுக்கு அநுர வந்து போனதைக் கேட்டிருந்தாய். ஜனாதிபதி ஒருவர் அங்கே கால் வைத்தது இதுதான் முதல் தடவையாம். இங்கே டீக்கடைகளில் ஒரே கொதிப்பு. 1974 ஒப்பந்தத்துக்கு எந்தக் கட்சி பொறுப்பு என்று மறுபடியும் பழைய சண்டை. என்னைக் கேட்டால், அந்த 285 ஏக்கரில் மீன் கிடையாது. எங்கள் விசைப்படகுகளின் இழுவைமடி உங்கள் பக்கத்து அடிக்கடலை அரிப்பதும், உங்கள் கடற்படை எங்கள் பையன்களைப் பிடிப்பதும் கோத்தபாய காலத்திலும் நடந்தது, ரணில் காலத்திலும் நடந்தது, இப்போதும் நடக்கிறது. இதில் மட்டும் உங்கள் மூன்று தலைவர்களுக்குள் வித்தியாசமே தெரியவில்லை. பாம்பனில் நாட்டுப்படகுக்காரர்களிடம் இதைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள். ராமேசுவரம் ஜெட்டியில் சொல்லத் துணிவில்லை. என் மச்சான்களே அங்கே படகு வைத்திருக்கிறார்கள்.

உங்கள் மன்னாரில் காற்றாலை அமைக்கிற விஷயம் என்ன ஆயிற்று? ஊரே திரண்ட பிறகு ஆகஸ்ட்டில் அநுர ஒரு மாதம் நிறுத்திவைக்கச் சொன்னார் என்று படித்தேன். உன் ஆள் உன் ஊர்ப் பேச்சைக் கேட்கிறாரா என்று அதில் பார்த்துவிடலாம். விவரமாக எழுது.

மாசியில் அந்தோணியார் திருவிழாவுக்குக் கச்சத்தீவுக்கு வருவாய் அல்லவா? நான் பெயர் கொடுக்கப் போகிறேன். வரும்போது பேத்தியின் படமும், இந்த வருடக் கரண்ட் பில்கள் அத்தனையும் கொண்டுவா. ஜூன் பில்லைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லாதே.

அன்புடன்,
உன் மண்டபத்து நண்பன்