ராகு காலம் யாருடைய கடிகாரத்தில்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

நாள்காட்டிப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்பவர்கள் மீது கோபப்பட்டு ஈப்போ வாசகர் ஒருவர் சென்ற இதழில் எழுதியிருந்தார். நம்பிக்கை இல்லாதவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாமே என்பது அவருடைய வாதம். எனக்கும் நம்பிக்கை இல்லைதான். ஜாதகம், சகுனம், நேர்த்திக்கடன் எதையும் நான் ஏற்பதில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தை ஒவ்வொரு இதழிலும் படிக்கிறேன், ஏனென்றால் என் அம்மா அதைப் பார்த்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார். அதை எடுத்துவிடும்படி நான் கேட்கவில்லை. அதில் வரும் ராகு கால நேரங்களின் கணக்கை எப்படிப் போட்டீர்கள் என்பதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பராமரிப்பு என் வேலை. வேலையிடத்திலும் வீட்டிலும் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தைத்தான் பயன்படுத்துகிறேன். திறந்த மூல மென்பொருள் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அது இலவசம் என்பதில்லை. ஒரு நிரல் என்ன செய்கிறது என்று சந்தேகம் வந்தால் அதன் மூல வரிகளைத் திறந்து பார்க்கலாம். பார்க்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்கலாம். மதத்தைப் பற்றிய என் கேள்விகளும் இந்தப் பழக்கத்திலிருந்து வந்தவைதான். 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கிய காலத்திலிருந்து இந்த ஊர்த் தமிழர்கள் இப்படிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்று உங்கள் பக்கத்தில் இருக்கிறது. நான் பார்த்த சுவர்க் காலண்டர்கள் பலவற்றிலும் அதே நேரம்தான். இது எங்கிருந்து வருகிறது? சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரையுள்ள பகலை எட்டுப் பங்காக்கி, திங்களுக்கு இரண்டாம் பங்கு, சனிக்கு மூன்றாம் பங்கு, ஞாயிற்றுக்கு எட்டாம் பங்கு என்று கிழமைக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கிறார்கள். காலை 6 மணிக்கு உதயம், மாலை 6 மணிக்கு அஸ்தமனம் என்று வைத்தால்தான் 7.30 – 9 என்ற கணக்கு வரும். பினாங்கில் சூரியன் 6 மணிக்கு எழுவதே இல்லை. ஆண்டு முழுவதும் 7 மணிக்குப் பிறகுதான். பிப்ரவரியில் 7.30-ஐயும் தாண்டிவிடும். 7.15-க்கு உதயமாகும் ஒரு திங்கட்கிழமையை எடுத்துக்கொண்டால், அவர்களுடைய விதிப்படியே ராகு காலம் ஏறத்தாழ 8.45-க்குத் தொடங்கி 10.15 வரை நீள வேண்டும். நீங்கள் அச்சிட்ட நேரத்துக்கும் இதற்கும் பொதுவாக இருப்பது கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பல மாதங்களில் அதுகூடத் தேறாது.

அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. கிளினிக் நாள் திங்களில் விழுந்தால் 9 மணி அடிக்கும் வரை வாசலில் பையோடு உட்கார்ந்திருப்பார். அப்புறம் போய், வரிசையின் கடைசியில் நின்று, மத்தியானம் சோர்ந்து வருவார். ராகு எனக்கு ஒரு பொருட்டில்லை, அம்மாவின் உடம்பு பொருட்டு. அவர் நம்பும் சாஸ்திரத்தின்படி பார்த்தாலும் அவர் காத்திருந்த நேரம் தவறான நேரம், வீட்டை விட்டுக் கிளம்பிய நேரம்தான் ராகு காலம். இதை அவருக்குக் காட்ட ஸ்டெல்லேரியம் என்ற இலவச வானியல் மென்பொருளை மடிக்கணினியில் திறந்து, பினாங்கு என்று ஊரைக் கொடுத்து, சூரியன் எழும் நேரத்தைக் காட்டினேன். கவனமாகப் பார்த்துவிட்டு, "பேப்பர்ல ஒண்ணு போட்டிருக்கே, அவங்களுக்குத் தெரியாதாப்பா?" என்று கேட்டார். ஆசிரியரே, இந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

ராகு காலத்தால் போவது சில மணி நேரம். ஜாதகத்தில் இதே பிழை வந்தால் என்ன ஆகும் என்பதை என் பெரியம்மா மகள் வாழ்க்கையில் பார்த்தேன். அக்கா பிறந்தது 1978, வைகாசி கடைசியில், பட்டர்வொர்த்தில், காலை ஏழே காலுக்கு. அப்போது ஊர் ஜோசியர் ஒருவர் கையால் எழுதிக் கொடுத்த ஜாதகத்தில் மிதுன லக்னம் (பிறந்த நேரத்தில் கிழக்கே எழும் ராசி), அதிலிருந்து எண்ணினால் செவ்வாய் மூன்றாம் இடத்தில். பல ஆண்டுகள் கழித்து வரன் பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டார் கம்ப்யூட்டர் ஜாதகம்தான் வேண்டும் என்றார்கள். அதில் ரிஷப லக்னம் வந்தது. செவ்வாய் நான்காம் இடத்துக்குப் போய்விட்டது. தோஷம் என்றார்கள், சம்பந்தம் நின்றுபோனது. அதைக் கணித்தவரிடம் போனபோது நானும் கூடவே போயிருந்தேன். "எந்த நேர வித்தியாசம் போட்டீங்க ஐயா?" என்று கேட்டேன். "கம்ப்யூட்டர் போட்டது தம்பி, அதுல தப்பு வராது" என்றார்.

தவறு அதில்தான் இருந்தது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் எப்போதும் இன்றுபோல் இருந்ததில்லை. 1905-ல் கிரீன்விச் நேரத்துக்கு 7 மணி நேரம் முன்னால் இருந்தது. 1933-ல் 7 மணி 20 நிமிடம் ஆனது, 1941-ல் ஏழரை. ஜப்பான்காரர்கள் ஆண்ட மூன்றரை ஆண்டும் டோக்கியோ நேரம், அதாவது 9 மணி. 1945-ல் மறுபடி ஏழரை. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனபோது கடிகாரத்தை 12-க்குத் தள்ளிவைத்து, சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக 8 மணி ஆக்கினார்கள். அக்கா பிறந்தபோது ஏழரைதான். அந்த மென்பொருள் மலேசியா என்றால் 8 என்று போட்டுக்கொண்டது. லக்னம் ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை மாறுகிறது. அரை மணி பிசகினால் நான்கில் ஒருவருக்காவது லக்னமே மாறிப்போகும். 1982-க்கு முன் இங்கே பிறந்து, இப்படிப்பட்ட மென்பொருளில் ஜாதகம் போட்ட எல்லாருக்கும் இந்த ஆபத்து உண்டு.

பழைய ஜோசியரை இந்த இடத்தில் பாராட்டியே ஆக வேண்டும். அவர் எழுதிய தாளில் ஊர் பெயர் இருந்தது, சூரிய உதயாதி நாழிகை இருந்தது. நாழிகை என்றால் 24 நிமிடம். சூரியன் உதித்ததிலிருந்து எண்ணுவதால் அரசாங்கம் கடிகாரத்தை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அந்தக் கணக்கு அசையாது. அவர் முடிவுகளை நான் ஏற்கவில்லை. செவ்வாய் எந்த வீட்டில் நின்றாலும் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதில் உறுதியாக இருக்கிறேன். ஆனால் தன் கணக்கை இன்னொருவர் சரிபார்க்கும்படி எழுதி வைத்தாரே, அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய மூடிய மென்பொருளில் அது இல்லை.

இத்தனைக்கும் அந்த நேரத் தகவல் யாருக்கும் கிடைக்காததும் அல்ல. ஆண்ட்ராய்டோ ஐஃபோனோ, நம் கைப்பேசிகள் உலகத்து நேர மாற்றங்களை எல்லாம் ஒரு பொதுத் தரவுத்தளத்திலிருந்துதான் எடுக்கின்றன. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் 1980-களில் அதைத் தொடங்கினார், பால் எகர்ட் பிறகு பொறுப்பேற்றார். சாதாரண எழுத்துக் கோப்புதான், படிக்கத் தெரிந்த யாரும் திறந்து பார்க்கலாம். மேலே நான் சொன்ன நம் நாட்டு ஆண்டுகள் அதில் இருக்கின்றன. 2011 செப்டம்பரில் அஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்க ஜோதிட மென்பொருள் நிறுவனம், பழைய நேரத் தகவல்கள் தங்கள் அட்லஸிலிருந்து எடுக்கப்பட்டவை, பதிப்புரிமை தங்களுக்கே என்று ஓல்சன் மீதும் எகர்ட் மீதும் வழக்குப் போட்டது. அந்தக் கோப்புகள் இருந்த தளத்தைச் சில நாள் மூடவேண்டி வந்தது. இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஓல்சன், எகர்ட் சார்பில் நின்றது. 2012 பிப்ரவரியில் நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்று மன்னிப்பும் கேட்டது. ஓர் ஊரில் ஒரு நாள் கடிகாரம் என்ன காட்டியது என்பது நடந்த விஷயம், அதற்கு யாரும் வேலி போட முடியாது. இரண்டு தனி மனிதர்கள் சம்பளம் எதிர்பார்க்காமல் காத்த அந்தக் கோப்பு அன்று தப்பியதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

நீங்களும் அடுத்தவர் எழுதிய நிரலை நம்பத்தானே செய்கிறீர்கள் என்று என் மைத்துனர் கேட்பார். சரி, நியாயமான கேள்வி. ஒவ்வொரு வரியையும் நானே படிப்பதில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்ஸெட் என்ற சிறிய நிரல் தொகுப்பில் யாரோ கள்ளக் கதவு ஒன்றை வைத்தது தெரியவந்தது. அதைச் செய்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்லவராக உழைத்து நம்பிக்கை சம்பாதித்தவர். ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்துத்தான் அதைப் பிடித்தார். திறந்த மூலத்திலும் ஏமாற்று நடக்கும். ஆனால் சந்தேகப்பட்ட ஒருவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் கடைசிவரை தோண்ட முடிந்தது. மதத்தின் பெயரால் வரும் கணக்குகளிலும் எனக்கு வேண்டியது அந்த வசதிதான். நம் அரசாங்கமே 2021 ஜூலையில் கோவிட் தரவுகளை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் வைத்தது. அதை எடுத்துச் சரிபார்த்து வரைபடம் போட்டவர்களில் மாணவர்களும் இருந்தார்கள்.

இனி என் கோரிக்கை. நாள்காட்டிப் பக்கத்தில் எந்த ஊருக்கான கணக்கு, அன்றைய உதயம் எத்தனை மணிக்கு, பஞ்சாங்க முறை வாக்கியமா திருக்கணிதமா என்று ஒரே ஒரு வரி சேருங்கள். பினாங்குக்கும் ஜொகூர்பாருவுக்கும் உதயத்தில் கால் மணி அளவுக்கு வித்தியாசம் உண்டு என்பதால் முக்கிய ஊர்களுக்குத் தனித்தனியாகப் போட்டால் இன்னும் நல்லது. இதற்கான சிறிய நிரலை நானே எழுதி வைத்திருக்கிறேன். யாரும் திறந்து பார்த்து, மாற்றி, பகிரலாம் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் உங்களுக்கும் கேட்கும் எவருக்கும் தருகிறேன், பணம் வேண்டாம். உங்கள் பஞ்சாங்கக் கணிதர் அதைத் திறந்து பார்த்துத் தவறு கண்டுபிடித்தால் திருத்திக்கொள்வேன். அவர் தன் முறையைச் சொன்னால் அதையும் அதில் சேர்ப்பேன். ஜார்ஜ்டவுனில் உங்கள் அலுவலகத்துக்கு எந்த மாலையிலும் வர முடியும், திங்கட்கிழமை உட்பட.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
ஜெலுத்தோங், பினாங்கு.