சங்க ஆண்டறிக்கை 2024-25, பந்தலூர்

தலைவர் அண்ணனுக்கும் பொருளாளர் அக்காவுக்கும், கொழுந்து எடுக்குறத பாதியில விட்டுட்டு வந்திருக்க எல்லாருக்கும் செயலாளரோட வணக்கம்.

இந்த வருஷம் அஞ்சு கூட்டம் நடந்துச்சு, ஜூலை மழையில ஒண்ணு நடக்கல. சந்தா கணக்கை அக்கா தனியா வாசிப்பாங்க. நான் முக்கியமா சொல்ல வேண்டியது, சிலோன்லேருந்து தாயகம் திரும்பின நம்மள அகதின்னு சொல்ற அந்த விஷயம்தான்.

ஆகஸ்ட்ல நம்ம மெம்பர் ஒருத்தரோட பொண்ணு, எட்டாவது படிக்குது, ஸ்கூல்லேருந்து அழுதுட்டே வந்துச்சு. கிளாஸ்ல டீச்சர் "சிலோன்ல சண்டை வந்தப்ப ஓடி வந்த அகதிங்கதான் இங்க தோட்டத்துல இருக்காங்க"ன்னு சொல்லி இந்தப் புள்ளைய எந்திரிச்சு வேற நிக்க வெச்சிருக்காங்க, அப்புறம் பசங்க சாயங்காலம் வரைக்கும் அதே பேர்தான் சொல்லிக் கூப்பிட்டிருக்கானுங்க.

அந்தப் புள்ளையோட அப்பாயி எதுவும் பேசல. ட்ரங்குப் பொட்டியத் திறந்து பாலிதீன் கவர்ல சுத்தி வெச்சிருந்த பழைய இந்தியன் பாஸ்போர்ட்டை எடுத்தாங்க. கண்டியில வாங்கினது, ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருக்கு, போட்டோல அப்பாயி ரெட்டைச் சடையோட அவங்க அம்மா பக்கத்துல நிக்கிறாங்க. மறுநாள் அப்பாயி, தலைவர், நான் மூணு பேரும் ஸ்கூலுக்குப் போனோம். அதை மேஜை மேல வெச்சு அப்பாயி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "அகதிக்கு பாஸ்போர்ட் குடுப்பாங்களா டீச்சர்?"

அப்புறம்தான் நாங்க பேசினோம். வெள்ளைக்காரன் காலத்துல கங்காணி, அதாவது ஆள் சேர்த்த மேஸ்திரி, சிலோனுக்குக் கூட்டிட்டுப் போய் காப்பித் தோட்டம், தேயிலைத் தோட்டம்னு உழைச்ச சனத்தை 1948ல அங்க சட்டம் போட்டு நாடில்லாதவங்களா ஆக்கினாங்க, 1964 அக்டோபர்ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு பிரிச்சாங்க, மிச்சம் 1,50,000 பேரை 1974ல பாதிப் பாதியா பிரிச்சாங்க, ஒருத்தர்கிட்டயும் வந்து நேர்ல கேக்கல. கப்பல்ல ராமேஸ்வரம் வந்து, மண்டபம் கேம்ப்ல பதிஞ்சு, அங்கேருந்து வந்தவங்க நாம. இலங்கையில 83 கலவரத்துக்கு அப்புறம் உயிரைக் கையில பிடிச்சு வந்தவங்க பட்டது பெரும் கஷ்டம், அகதிங்கிறது கேவலமும் இல்ல, ஆனா நம்ம கதை வேற. டீச்சர் முழுசா கேட்டாங்க, தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லி அடுத்த வாரம் அப்பாயியையே கிளாஸுக்குக் கூப்பிட்டாங்க. அவங்களுக்கு சங்கம் சார்பா நன்றி.

வேலை செய்யிற இடத்துல இவ்வளவு சுலபமா முடியல. டூரிஸ்ட் வர்ற ஒரு டீ ஃபேக்டரியில கைடா இருக்க நம்ம தம்பிகிட்ட குடுத்த பேப்பர்ல "அகதிகளுக்கு வாழ்வு கொடுத்த தேயிலை"ன்னு போட்டிருந்துச்சு. டேன்டீங்கிற அரசாங்கத் தேயிலைத் தோட்டம் 1968ல ஆரம்பிச்சது தாயகம் திரும்பினவங்களுக்காகத்தான், அதை மறுக்கல, ஆனா குழி வெட்டி கன்னு நட்டு தேயிலைக்கு வாழ்வு குடுத்தது யாருன்னு தம்பி மேனேஜர்கிட்ட கேட்டிருக்கான். எழுதினதப் படின்னு சொல்லிட்டாங்க, அவன் படிக்கல, இப்ப பேக்கிங்ல போட்டிருக்காங்க. சங்கம் ரெண்டு லெட்டர் குடுத்தும் பதில் இல்ல. "பொழப்புல மண்ணப் போட்டுக்காதீங்க"ன்னு கூட்டத்துலயே சில பேர் சொன்னீங்க, அந்த பயம் எனக்கும் புரியுது. ஆனாலும் மூணாவது லெட்டர் ரெடியா இருக்கு, இன்னைக்கு தீர்மானம் போட்டா நாளைக்கே கொண்டு போய்க் குடுத்துடலாம்.

இன்னொண்ணு. நம்ம புள்ளைங்க கட்டுரையில "நாம வர்றப்ப வெறும் காடா கிடந்துச்சு"ன்னு எழுதியிருந்துச்சுங்க. பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர்னு ஆதிவாசி சனங்க எல்லாம் நமக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாடியே இங்க இருக்கவங்க. அதையும் உக்கார வெச்சு திருத்தினோம், நமக்கு நடந்ததை நாமளே இன்னொருத்தருக்கு செய்யக்கூடாதில்ல.

வீட்ல பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, தோட்டத்துல பேரும் வேலை நாளும் பதிஞ்ச செக்ரோல் சீட்டு எது இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க, ஜெராக்ஸ் எடுத்துட்டு ஒரிஜினலை அன்னைக்கே கையில குடுத்துடுவோம், லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க, மை ஒட்டிக்கிட்டு எழுத்து போயிடும்.